சம்பளச் சீட்டு இல்லாத முதல் ஆண்டு: சென்னையில் சுயதொழிலில் இறங்குபவர்களுக்கு ஒரு வரி வழிகாட்டி

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. மேற்கு மாம்பலத்தில் என் ஆடிட்டரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். மூலையில் இருந்த தொலைக்காட்சியில் பட்ஜெட் உரை ஓடிக்கொண்டிருந்தது. 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். சம்பளக்காரர்களுக்கு அது 12.75 லட்சம் என்றும் சேர்த்துச் சொன்னார். பழைய மகாபலிபுரம் சாலையில் பதினோரு ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, அப்போதுதான் தனியாகத் தொழில் தொடங்கியிருந்த எனக்கு அந்த 75,000 ரூபாய் உறுத்தியது. “சார், அப்படியானால் எனக்கு எவ்வளவு?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களுக்கு 12 லட்சம் என்றும் சொல்லலாம், 24 லட்சம் என்றும் சொல்லலாம். எந்த வழியில் கணக்குக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.”

அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகளும் கொஞ்சம் அபராத வட்டியும் செலவாயின. வேலையை விட்டுவிட்டோ, படிப்பு முடிந்த கையோடோ சொந்தக் காலில் நிற்க வருபவர்கள் அந்தச் செலவைத் தவிர்க்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆனால் ஆடிட்டர்கள் வாயிலும் வங்கிகளிலும் புழங்குவது இன்னும் பழைய எண்கள்தான். அதனால் இங்கேயும் அவற்றையே சொல்கிறேன்.

விகிதம் ஒன்றுதான், கணக்கு வேறு

சுயதொழிலுக்கு என்று தனி வரி விகிதம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. வருமான வரியில் இரண்டு முறைகள் உண்டு: கழிவுகள் அதிகம் உள்ள பழைய முறை, கழிவுகளும் விகிதங்களும் குறைந்த புதிய முறை. 2025 பட்ஜெட் கொண்டுவந்த புதிய முறை அடுக்குகள் இருவருக்கும் பொது: 4 லட்சம் வரை வரி இல்லை, 4 முதல் 8 லட்சம் வரை 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%, 16 முதல் 20 வரை 20%, 20 முதல் 24 வரை 25%, அதற்கு மேல் 30%. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், விழும் வரி 60,000 வரை தள்ளுபடி. பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி விழும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

வேறுபாடு எங்கே என்றால், எந்தத் தொகையை வருமானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில். சம்பளக்காரருக்கு மொத்தச் சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலையான கழிவு. புதிய முறையில் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். பஸ் கட்டணம், மடிக்கணினி, இணையக் கட்டணம் என்று எதையும் தனியாகக் கழிக்க முடியாது. தொழில் செய்பவருக்கோ, வரவிலிருந்து தொழில் செலவைக் கழித்த மிச்சம்தான் வருமானம்.

இந்த நிலையான கழிவுக்கு ஒரு வரலாறு உண்டு. 2005 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அதை நீக்கினார். 2018இல் அருண் ஜேட்லி 40,000 ரூபாயாகத் திருப்பிக் கொண்டுவந்தார். 2019இல் 50,000 ஆனது. 2024 ஜூலையில் புதிய முறைக்கு மட்டும் 75,000 ஆனது. 2018 உரையில் ஜேட்லி ஒரு கணக்கைப் படித்தார்: ஒரே ஆண்டில் 1.89 கோடி சம்பளக்காரர்கள் தலைக்குச் சராசரியாக 76,306 ரூபாய் வரி கட்டியிருக்கிறார்கள். தொழில்முறை வல்லுநர்களையும் சேர்த்து 1.88 கோடி தனிநபர் தொழில் செய்வோர் கட்டியது சராசரியாக 25,753 ரூபாய். சம்பளக்காரர்களுக்குக் கழிவு கொடுக்க அவர் சொன்ன நியாயம் இதுதான். அதே ஜேட்லிதான் 2016 பட்ஜெட்டில், வல்லுநர்கள் வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டினால் போதும் என்ற சலுகையையும் கொண்டுவந்தவர். ஒரு பக்கம் முறையாக வரி கட்டுபவருக்கு ஆறுதல், மறு பக்கம் கணக்குக்கே வராதவரை உள்ளே இழுக்கத் தூண்டில். பட்ஜெட்டுகள் பல ஆண்டுகளாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் ஆண்டு வரவு 18 லட்சம். ஒருவர் சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவர். இன்னொருவர் அதே வேலையை நங்கநல்லூர் வீட்டிலிருந்து தனியாகச் செய்பவர். சம்பளக்காரரின் வரிக்குரிய வருமானம் 17.25 லட்சம், வரி 1,45,000, அந்த வரியின்மேல் விழும் 4% செஸ்ஸுடன் 1,50,800 ரூபாய். தனியாகச் செய்பவர் பாதியைக் காட்டினால் வருமானம் 9 லட்சம், விழும் வரி 30,000, அதுவும் தள்ளுபடி. கட்ட வேண்டியது பூஜ்யம். ஆடிட்டர் சொன்ன 24 லட்சம் இதுதான்: வரவு 24 லட்சம், பாதி 12 லட்சம், வரி இல்லை.

இங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்தச் சம்பளக்காரரின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சம் என்று வையுங்கள். 18 லட்சத்துக்கு வெளியே நிறுவனம் 12% வருங்கால வைப்பு நிதி கட்டினால் 1,08,000 ரூபாய். பணிக்கொடைக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் அடிப்படைச் சம்பளம், சுமார் 43,000. இரண்டும் சேர்ந்தால் 1,51,000. நீங்கள் மிச்சப்படுத்திய வரிக்கும் இதற்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம்! சில நிறுவனங்கள் மாதம் 1,800 ரூபாய் மட்டுமே வைப்பு நிதிக்குக் கட்டும், பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு நிலைக்க வேண்டும், இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு கூடிய விடுப்பு, டிசம்பர் மழையில் வேளச்சேரி மூழ்கி நான்கு நாள் மின்சாரம் இல்லாதபோதும் தேதி தவறாமல் வரும் சம்பளம் ஆகியவற்றை நான் இன்னும் கூட்டவே இல்லை. அதனால் புதிதாக விலை பேசப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: பழைய சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்து அதையே கட்டணமாகக் கேட்காதீர்கள்.

முதல் வேலை: எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று பாருங்கள்

பாதி வருமானச் சலுகைக்கு 44ஏடிஏ என்று பெயர். எல்லாருக்கும் கிடையாது. வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள்அலங்காரம் செய்பவர், கம்பெனி செயலர், தகவல் தொழில்நுட்பத் துறையினர், திரைக்கலைஞர்கள் போன்ற, சட்டம் பட்டியலிட்ட சிலருக்கு மட்டும். இந்த ஊரில் கடைசியாகச் சொன்னது முக்கியம். நடிகர் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஒளிப்பதிவாளர், இயக்குநர், இசையமைப்பாளர், கலை இயக்குநர், நடன இயக்குநர், படத்தொகுப்பாளர், பாடகர், பாடலாசிரியர், கதை, திரைக்கதை, வசனம் எழுதுபவர், உடை வடிவமைப்பாளர் எல்லாரும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இது தெரியாமலேயே காலம் தள்ளும் உதவியாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டு வரவு 50 லட்சம் வரை இந்த வழியில் போகலாம். ரொக்கமாக வந்தது மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் 75 லட்சம் வரை. 2023 பட்ஜெட் இந்த வரம்பை உயர்த்தியது.

கடை, சிறு வியாபாரம் என்றால் 44ஏடி. ரிச்சி தெருவில் கைபேசி உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றுக்கு ஆண்டு விற்பனை 36 லட்சம் என்று வைப்போம். வங்கி, யுபிஐ வழியாக வந்த 30 லட்சத்துக்கு 6%, அதாவது 1.80 லட்சம், ரொக்கமாக வந்த 6 லட்சத்துக்கு 8%, அதாவது 48,000. வருமானம் 2.28 லட்சம் என்று காட்டினால் போதும். ரொக்கத்துக்கு 2% கூடுதல் என்பது யுபிஐ அட்டையைக் கடை வாசலில் ஒட்டவைக்கும் தந்திரம். இந்த வழிக்கு விற்பனை வரம்பு 2 கோடி, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி. ஆனால் இதில் ஒரு பூட்டு இருக்கிறது: நுழைந்தபின் ஐந்து ஆண்டுக்குள் வெளியேறினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது.

காப்பீட்டு முகவர், வீட்டுத் தரகர் போலத் தரகுத் தொகையில் வாழ்பவர்களுக்கு 44ஏடி கிடையாது. அவர்கள் வரவு செலவுக் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும். புகைப்படம் எடுப்பவர், எழுத்து வேலை செய்பவர், வீட்டில் டியூஷன் எடுப்பவர் ஆகியோர் மேலே சொன்ன வல்லுநர் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. எந்த வழி என்று இவர்கள் முதல் ஆண்டே ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. நண்பர் பாதி காட்டினார், நானும் காட்டினேன் என்பது பதில் ஆகாது.

இன்னொன்று. சட்டத்தின் வாசகம், பாதி அல்லது உண்மையில் அதற்கு மேல் சம்பாதித்ததாகச் சொல்லும் தொகை என்று இருக்கிறது. பாதி என்பது குறைந்தபட்சம். 90% மிச்சமாகும் தொழிலிலும் கண்ணை மூடிக்கொண்டு பாதி போடுபவர்கள் உண்டு. அந்தப் பணத்தை அப்படியே முதலீடு செய்து, அது வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறி, பிறகு விளக்கம் தேடுபவர்களும் உண்டு. மாறாக, கேமரா வாடகையும் உதவியாளர் சம்பளமும் பாதிக்கு மேல் போகிறது என்றால், முறையாகக் கணக்குப் புத்தகம் வைத்து உண்மைச் செலவைக் கழியுங்கள். பாதிக்குக் குறைவாகக் காட்டி, மொத்த வருமானம் வரி இல்லாத முதல் அடுக்கையும் (புதிய முறையில் 4 லட்சம்) தாண்டினால், தணிக்கை கட்டாயம். அந்தக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

பெயருக்கு ஆலோசகர்

இதை ஒதுக்கிவிட்டுப் போக மனமில்லை. நேற்று வரை ஊழியராக இருந்தவரை இன்று ‘ஆலோசகர்’ என்று மாற்றி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இந்த ஊரில் பெருகியிருக்கிறது. அதே நாற்காலி, அதே வருகைப்பதிவு, விடுப்புக்கும் அதே மேலாளரின் அனுமதி. நிறுவனத்துக்கு வைப்பு நிதியும் பணிக்கொடையும் மிச்சம். உங்களுக்குக் கையில் வரும் தொகை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஒப்பந்தத்தின் தலைப்பைவிட நடைமுறை உறவு என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. வேலையை எப்படிச் செய்வது என்று யார் கட்டளையிடுகிறார்கள், கருவிகள் யாருடையவை, வேறு இடத்திலும் வேலை செய்ய உங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் பதில் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தால், நீங்கள் சலுகை இழந்த ஊழியர். பாதி வருமானச் சலுகையும் ஒருநாள் கேள்விக்கு உள்ளாகலாம்.

ஆண்டின் நடுவில் வேலையை விட்டிருந்தால்

பெரும்பாலோர் ஏப்ரல் 1 அன்று பார்த்து ராஜினாமா செய்வதில்லை. செப்டம்பர் வரை சம்பளம் 6 லட்சம், அதன்பின் தொழில் வரவு 6 லட்சம் என்று வைப்போம். சம்பளப் பகுதியில் 75,000 கழிவு முழுமையாக உண்டு. தொழில் பகுதியில் பாதி. மொத்தம் 5.25 + 3 = 8.25 லட்சம். வரி இல்லை. பழைய நிறுவனம் முழு ஆண்டுச் சம்பளத்தைக் கணக்கிட்டு ஏதாவது பிடித்திருந்தால், அது ரீஃபண்டாக வரும். வேலையை விடும்போது, சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றான படிவம் 16 எப்போது கிடைக்கும் என்று கேட்டு, உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நிறுவன மின்னஞ்சலுக்குப் போன படிவம் கிணற்றில் போட்ட கல்.

சம்பளமும் 44ஏடிஏ வருமானமும் இருந்தால் வருமான வரி ரிட்டர்னுக்கு ஐடிஆர்-4 படிவம் போதும், மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் என்றால். ஆனால் பழைய நிறுவனம் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்குகளை உங்களுக்குக் கொடுத்திருந்தால் அது வெளிநாட்டுச் சொத்து. ஒரே ஒரு பங்கு இருந்தாலும் ஐடிஆர்-4 கூடாது, ஐடிஆர்-3 போட வேண்டும். ஐ.டி. துறையிலிருந்து வருபவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

பழைய முறையா, புதிய முறையா

சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் தனக்கு வசதியானதைத் தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் உள்ளவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இயல்பாகப் புதிய முறைதான். பழைய முறை வேண்டும் என்றால் 10-ஐஇஏ படிவத்தைக் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அங்கிருந்து புதிய முறைக்கு ஒருமுறை திரும்பலாம். அதன்பின் தொழில் வருமானம் இருக்கும்வரை கதவு மூடியதுதான். ‘இந்த ஆண்டு மட்டும் போட்டுப் பார்ப்போம்’ என்று அந்தப் படிவத்தைத் தொடாதீர்கள்.

பழைய முறையில் சென்னைச் சம்பளக்காரருக்கு இருந்த பெரிய வரம் வீட்டு வாடகைப் படி. மும்பை, தில்லி, கொல்கத்தாவோடு சென்னைக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 50% என்ற உச்சவரம்பு. மாதம் 60,000 அடிப்படை, 30,000 வாடகைப் படி வாங்கி, அடையாறில் 25,000 வாடகை கொடுப்பவருக்கு ஆண்டுக்கு 2.28 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதே மாடியில் எதிர் வீட்டில் அதே வாடகை கொடுக்கும் சுயதொழிலருக்கு 80ஜிஜி பிரிவில் அதிகபட்சம் மாதம் 5,000, ஆண்டுக்கு 60,000. அதுவும் பழைய முறையில்தான். அந்த 5,000 ரூபாய்க்கு இன்று அடையாறில் ஒரு பைக் நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

புதிய முறையிலும் சம்பளக்காரருக்கு ஒரு பின்கதவு உண்டு: நிறுவனம் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கட்டும் தொகை, அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை கழிவு. நிறுவனமே இல்லாத நமக்கு அது கிடையாது; நாமாகக் கட்டினால் பழைய முறையில் மட்டுமே கழிவு. சுயதொழிலர் முதுமைக்குச் சேமிப்பதைப் புதிய முறை கண்டுகொள்வதே இல்லை. பட்ஜெட்டில் எனக்குக் கோபம் வரும் ஒரே இடம் இது. பாதி வருமானச் சலுகையை இதற்கு ஈடாகக் காட்டுபவர்கள் உண்டு. அது பட்டியலில் இருக்கும் சிலருக்குத்தானே?

டிடிஎஸ்: பிடித்தது வந்து சேர்ந்ததா?

பணம் தருபவரே வரியைப் பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டுவதுதான் டிடிஎஸ். சம்பளத்தில் பிடிக்கும்போது உங்கள் ஆண்டு வரியைக் கணக்கிட்டுப் பன்னிரண்டாகப் பிரித்துப் பிடிப்பார்கள். தொழில் பில்லில் அப்படி இல்லை. உங்கள் வரி என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. வல்லுநர் கட்டணம் என்றால் 10%, தொழில்நுட்பச் சேவை என்றால் 2%, ஒப்பந்த வேலை என்றால் தனிநபருக்கு 1%. வல்லுநர் கட்டணத்தில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். 2025 மார்ச் வரை அது 30,000ஆக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20%. ஜிஎஸ்டி இருந்தால் பில்லில் தனி வரிசையில் காட்டுங்கள். அதன்மேல் பிடிக்கத் தேவையில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் எதுவும் பிடிக்க மாட்டார். முழுத் தொகையும் வரும், முழுப் பொறுப்பும் உங்களுடையது.

மேலே சொன்ன 18 லட்சக்காரருக்கு 10% வீதம் 1.80 லட்சம் பிடித்திருப்பார்கள். அவருக்கு வரியே இல்லை. அப்படியானால் அந்த 1.80 லட்சம் அடுத்த ஆண்டு ரீஃபண்ட் வரும்வரை அரசிடம் கிடக்கும். சேமிப்பு என்று மகிழலாம். வாடகை கொடுக்கும் நாளில் மகிழ முடியாது. செலவுத் திட்டத்தை 90 ரூபாய்க்குப் போடுங்கள், 100 ரூபாய்க்கு அல்ல.

பிடித்ததை அரசுக்குக் கட்டினார்களா என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். என் முதல் ஆண்டில் ஒரு நிறுவனம் மூன்று பில்களில் 10% பிடித்தது. நம் பெயரில் அரசுக்கு வந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஒன்றுதான் இருந்தது. கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல், தொலைபேசி, மீண்டும் மின்னஞ்சல். மூன்று மாதம் கழித்து, பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டிருந்தது தெரியவந்தது. அதிலிருந்து காலாண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுகிறேன். நிறுவனங்கள் டிடிஎஸ் விவரம் தாக்கல் செய்யும் தேதிகள் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. ஒவ்வொன்றும் முடிந்து பதினைந்து நாள் கழித்து, வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழ் கேளுங்கள். கடைசிக் காலாண்டு ஜூனில்தான் தெரியும் என்பதால், ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட ஓடாதீர்கள்.

அட்வான்ஸ் டாக்ஸ்

சம்பளக்காரர் பணத்தைப் பார்ப்பதற்கு முன்பே வரி போய்விடுகிறது. நாம் முழுப் பணத்தையும் கண்ணால் பார்த்து, கையில் வைத்திருந்து, பிறகு எடுத்துக் கொடுக்க வேண்டும். இது கணக்கைவிட மனம் சம்பந்தப்பட்ட வேலை. நான் செய்வது எளிது: வேறொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு. அதற்குப் பணம் எடுக்கும் அட்டையே வாங்கவில்லை. ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கு அன்றே அங்கே போய்விடும். வரி விழாத ஆண்டு என்றால் அது ஊதியமில்லாத மாதத்துக்கு உதவும்.

டிடிஎஸ் போக ஆண்டுக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்றால் முன்கூட்டியே கட்ட வேண்டும். கணக்குப் புத்தகம் வைப்பவர்களுக்கு நான்கு தவணை: ஜூன் 15க்குள் 15%, செப்டம்பர் 15க்குள் 45%, டிசம்பர் 15க்குள் 75%, மார்ச் 15க்குள் முழுவதும். 44ஏடி, 44ஏடிஏ வழியில் போகிறவர்களுக்கு ஒரே தவணை, மார்ச் 15.

அந்த ஒரே தேதியையும் நான் இரண்டாம் ஆண்டில் மறந்தேன். கட்ட வேண்டியது 94,000. ஜூலையில் ரிட்டர்ன் போடும்போதுதான் கட்டினேன். தவணை தவறியதற்கு 1%, 940 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு மாதம் 1%, 3,760. மொத்தம் 4,700. மார்ச் 15ஐத் தவறவிட்டாலும் மார்ச் 31க்குள் கட்டியிருந்தால் அந்த 3,760 மிஞ்சியிருக்கும் என்று ஆடிட்டர் பிறகு சொன்னார். மார்ச் கடைசி நாள் வரை கட்டுவது அட்வான்ஸ் டாக்ஸாகவே கணக்கில் வரும்.

கட்டுவது வருமான வரி இணையதளத்தில். செலுத்தும் வகையில் ‘அட்வான்ஸ் டாக்ஸ் 100’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 300 என்பது ஆண்டு முடிந்தபின் கட்டும் சுய மதிப்பீட்டு வரி. ஆண்டை மாற்றிப் போட்டால் பணம் வேறு ஆண்டில் போய் உட்காரும். திருத்தலாம், ஆனால் அலைச்சல்.

மாநகராட்சிக்கும் ஒரு வரி உண்டு

வேலையில் இருந்தபோது ஆண்டுக்கு இருமுறை சம்பளச் சீட்டில் ‘தொழில் வரி 1,250’ என்று ஒரு பதிவு வந்திருக்கும். பெரும்பாலோர் அதைக் கவனித்ததே இல்லை. அது பெருநகர சென்னை மாநகராட்சிக்குப் போகும் பணம். அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் அரையாண்டுக்கு 1,250, ஆண்டுக்கு 2,500. அதற்கு மேல் எந்த மாநிலமும் வசூலிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. வேலையை விட்டபின் இதை நாமே கட்ட வேண்டும். மாநகராட்சி இணையதளத்திலேயே பதிவு செய்யலாம், அல்லது உங்கள் மண்டல அலுவலகத்துக்குப் போகலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. சிறிய தொகைதான், பல ஆண்டு விட்டுவிட்டுப் பாக்கி நோட்டீஸ் வந்தபின் தேடுவதுதான் எரிச்சல். அந்த ரசீதுக்கு இன்னொரு பயனும் உண்டு: தொழில் நடக்கிறது என்பதற்குச் சில இடங்களில் அதையே சான்றாகக் கேட்கிறார்கள்.

ஜிஎஸ்டியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேவை என்றால் ஆண்டு வரவு 20 லட்சம், பொருள் மட்டும் விற்றால் 40 லட்சம். தாண்டினால் பதிவு கட்டாயம். சம்பளம் இதில் சேராது, வெளிநாட்டு வரவு சேரும். வருமான வரி இல்லாத 24 லட்சத்தை நோக்கிப் போகிறவர் வழியில் 20 லட்சத்தில் இந்தச் சுங்கச்சாவடியைக் கடந்தே ஆக வேண்டும். பெரும்பாலான சேவைகளுக்கு 18%. வாடிக்கையாளரிடம் விலை பேசும்போதே ‘ஜிஎஸ்டி தனி’ என்று எழுத்தில் போட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் அது உங்கள் பையிலிருந்துதான் போகும்.

கடனும் காப்பீடும்

பாதி காட்டினால் வங்கியிலும் நீங்கள் பாதி ஆள்தான். வீட்டுக் கடனுக்குப் போகும்போது கிளை மேலாளர் 18 லட்சத்தைப் பார்ப்பதில்லை, ரிட்டர்னில் உள்ள 9 லட்சத்தைத்தான் பார்க்கிறார். இரண்டு மூன்று ஆண்டு ரிட்டர்ன் வேறு கேட்பார். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், வேலையில் இருக்கும்போதே கடனை முடித்துக்கொண்டு பிறகு ராஜினாமா செய்யுங்கள். அல்லது உண்மையாகச் சம்பாதித்ததைக் காட்டி வரி கட்டுங்கள். அந்த வரி கடன் தகுதிக்குக் கொடுக்கும் விலை.

மருத்துவக் காப்பீட்டை வேலையின் கடைசி நாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு அன்றோடு போய்விடும். புதிய பாலிசியில் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18% இருந்தது.

ரிட்டர்னுக்கான கடைசித் தேதியை ஒவ்வோர் ஆண்டும் துறையின் இணையதளத்திலேயே பாருங்கள். 2025இல் ஜூலை 31 என்றிருந்தது செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. நீட்டிப்பை நம்பி உட்காருவது சூதாட்டம். போட்டு முடித்ததும் முப்பது நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு இந்தக் கடைசிப் பொத்தானை அழுத்த மறந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய 1.10 லட்சம் ரீஃபண்ட், ஆதாரில் இணைத்திருந்த பழைய கைபேசி எண்ணை மாற்றும்வரை காத்துக்கிடந்தது.